ஒரு விரற்கடை இடைவெளி

ஜீவனஹள்ளியில், ஒரு நீண்ட சந்தின் முடிவில் இருந்த அந்தப் பழைய வீட்டிற்குச் சீதாலட்சுமி வந்து சேர்ந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். ஆரணியிலிருந்து கொண்டுவந்த இரு பெட்டிகளையும் ஆட்டோவிலிருந்து இறக்கிவைத்த உத்தமன், பூட்டைத் திறந்துவிட்டு, "வலது கால எடுத்து வை" என்று மட்டும் சொன்னான். நாற்பத்து நான்கு வயதில் அவனுக்கு இது இரண்டாவது திருமணம். முப்பத்தாறு வயதில் அவளுக்கு இது முதலாவது. தான் நடத்திவந்த தட்டச்சு நிலையத்தை மூடிவிட்டு, திரும்பிச் செல்ல ஓரிடமும் மிச்சம் வைக்காமல் அவள் வந்திருந்தாள். இந்த வீடு தன் வீடாக வேண்டும்; அதற்குமேல் அவள் எதையும் வேண்டவில்லை.

கூடத்துச் சுவரில் உத்தமனின் முதல் மனைவி நிருபமாவின் படம் மாட்டப்பட்டிருந்தது. ஹாசன் பக்கத்துக் கன்னடப் பெண். ஆஸ்துமா நோயாளி. நான்கு ஆண்டுகளுக்குமுன், ஊரடங்கு நாள்களில், பின்னறையில் மூச்சுத்திணறி இறந்துபோனாள். இவ்வளவும் சீதாலட்சுமிக்குத் தெரியும். தெரியாத ஒன்றை, பக்கத்து வீட்டுக் கேத்தரின் மதில் சுவருக்கு அப்பாலிருந்து சொன்னாள்.

"சாகற நேரத்துலயும் அவரத்தான் கூப்பிட்டிருக்கு பாரு. 'உசிரே'ன்னு. அதச் சொல்லிச் சொல்லி அழுவாரு மனுசன். தெருவே அழுதுச்சு. ஐயோ, ஒங்கிட்டப் போய்ச் சொல்றேனே, தப்பா எடுத்துக்காதம்மா."

"தப்பா எடுக்க என்னக்கா இருக்கு" என்றாள் சீதாலட்சுமி. ஆனால் அந்தச் சொல் அன்று முழுவதும் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. தன்னை அவன் பெயர் சொல்லித்தான் அழைக்கிறான்; தானும் 'என்னங்க' என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். உயிரே என்று ஒருவனை அழைத்துவிட்டுச் செத்தவளிடமிருந்து வீட்டை எப்படி வாங்குவது?

பின்னறையில் கணினிகள் வைத்துப் பயிற்சி வகுப்பு நடத்தலாம் என்பது அவளுடைய எண்ணம். பழைய சிவப்புச் சிமெண்டுத் தரை. நடுவில் கண்ணாடிபோல் மின்னிய அது, கதவருகே மட்டும் வெளுத்துக் கிடந்தது. வளைவு வளைவாக வெண்கோடுகள். வளையல் அணிந்த கை ஒன்று ஒரே இடத்தில் பலமுறை தேய்த்தாற்போல.

"கட்டில இழுத்தப்ப விழுந்த கீறல்" என்றான் உத்தமன். "மேல லேமினேட் பலகை போட்டுடலாம். நானே போட்டுடறேன்."

"ஆளக் கூப்பிட்டா ஒரே நாள்ல முடிச்சிடுவாங்களே?"

"வெளியாள் யாரும் அந்த ரூமுக்குள்ள வர வேணாம். வீடியோ பாத்துட்டேன். ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டே போக வேண்டியதுதான். பசை கிடையாது, ஆணி கிடையாது."

வியாழக்கிழமை, கடையிலிருந்து கோவிந்தன் பலகைப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். நரைத்த தலை, பிறந்தது முதல் பெங்களூரில் வாழும் தமிழர். பெட்டிகளை அறையிலேயே இரண்டு நாள் பிரிக்காமல் வைக்கச் சொன்னார்.

"அறையோட பழகணும் சார், அப்பத்தான் நெளியாது. அப்புறம் முக்கியமா, நாலு சுவத்தோரமும் ஒரு விரல் ஜாகா விடுங்க. இந்த ஆப்புங்கள வெச்சிட்டே போங்க, கடைசில எடுத்துட்டு மேல பட்டி அடிச்சா மறைஞ்சிடும். ஒட்டி மட்டும் போட்டுடாதீங்க."

அந்த இரண்டு நாள்களும் பின்னறையிலிருந்து சிறுசிறு ஒலிகள் வந்துகொண்டிருந்தன. அட்டைப் பெட்டிக்குள் பலகைகள் முனகின. நீலகிரித் தைலத்தின் மணம் கூடம்வரை பரவியது. வீட்டில் அந்தத் தைலம் இல்லை.

சனிக்கிழமை காலை உத்தமன் வேலையைத் தொடங்கினான். ஈரம் ஏறாதிருக்கத் தரையின்மீது ஒளி ஊடுருவும் நெகிழித் தாளையும் அதன்மீது மெல்லிய நுரை விரிப்பையும் பரப்பினான். கதவுக்கு எதிர்ச்சுவரில் முதல் வரிசை. சுவருக்கும் பலகைக்கும் இடையே ஆப்புகள். பலகையை முந்தையதன் ஓரப் பள்ளமான காடியில் பொருத்தி, ஓரத்தில் மரக்கட்டையை வைத்து, ரப்பர்ச் சுத்தியலால் மும்முறை தட்டினான்.

டக். டக். டக்.

டக்.

நான்காவதை அவன் தட்டவில்லை.

"எதிரொலிங்க" என்றாள், பலகை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சீதாலட்சுமி. அவன் அடுத்த பலகைக்கு மும்முறை தட்டினான். கீழிருந்து ஒருமுறை விடை வந்தது. பொறுமையாக, வெகுநேரமாகக் காத்திருப்பவர் தட்டுவதுபோல்.

இரண்டாம் வரிசையில் ஆப்பு ஒன்றைச் சரிசெய்யக் குனிந்தவன், சுவரோர இடைவெளியிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். புறங்கையைச் சட்டையில் துடைத்தான். அது ஈரமாயிருந்தது. பிறகு எல்லா ஆப்புகளையும் பிடுங்கி எறிந்துவிட்டு, வரிசை முழுவதையும் சுத்தியலால் அடித்துச் சுவரோடு நெருக்கினான்.

"ஒரு விரல் இடம் விடச் சொன்னாரே?"

"எறும்பு வரும்."

அவன் கைகழுவச் சென்றபோது அவள் மண்டியிட்டுக் காதைப் பலகையோடு சேர்த்தாள். முதலில் ஒன்றுமில்லை. பின், நுரை விரிப்புக்கும் கீழே, துணியை மெல்லக் கிழிப்பது போன்றதோர் இழுப்பு. அந்த இழுப்பின் நுனியில் ஒரு பெண்குரல்.

"உசிரு… உசிரு…"

சீதாலட்சுமி சட்டென்று நிமிர்ந்தாள். அவளுக்குள் அச்சத்தைவிடப் பொறாமையே மிகுந்திருந்தது. செத்தும் அவனைத்தான் அழைக்கிறாள்! அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கடைசி வரிசையும் முடிந்தது. கதவை உட்புறமாகச் சாத்திக்கொண்டு, சுவரோரங்களை வெண்பசையால் அடைத்துக்கொண்டிருந்தான் உத்தமன். வாசலில் மணி ஒலித்தது. விட்டுப்போன அலுமினியப் பட்டியைக் கொடுக்கக் கோவிந்தன் வந்திருந்தார்.

"முடிஞ்சிச்சாம்மா? ஆப்பெல்லாம் எடுத்தாச்சா?"

"அத நேத்தே எடுத்துட்டாருண்ணா. சுவத்தோட ஒட்டித்தான் போட்டிருக்காரு. இப்பப் பசை வெச்சு அடைக்கிறாரு."

"அய்யய்யோ!" கோவிந்தன் தலையில் கை வைத்துக்கொண்டார். "படிச்சிப் படிச்சிச் சொன்னேனே. பலகை உசிராட வேணாமா? உசிருக்கு ஜாகா இல்லன்னா மேல எழும்பி வந்துடும்மா, எவ்ளோ பாரம் வெச்சாலும்."

"பலகைக்கு ஏதுண்ணா உசுரு?" அவள் சிரித்தாள்.

"அது ஒங்க ஊரு உசுரும்மா. எங்க ஊருல வேற. கன்னடத்துல உசிருன்னா மூச்சு. இங்கயே கெடந்து கெடந்து எனக்கும் நாக்குல அதான் வருது. வரட்டா, சாருகிட்டச் சொல்லிடுங்க, நாளைக்கே பிரிச்சிடணும்."

அவர் போய்விட்டார். சீதாலட்சுமி அலுமினியப் பட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

மூச்சு.

இறக்கும் தறுவாயில் எந்தப் பெண்ணும் தன் தாய்மொழியில்தானே கூவுவாள்? அவள் அவனை அழைக்கவில்லை. மூச்சு வேண்டுமென்று கேட்டிருக்கிறாள். பத்தொன்பது ஆண்டுகளாகப் பெங்களூரில் வாழ்பவன். காய்காரரோடும் நடத்துநரோடும் கன்னடத்திலேயே சண்டையிடுபவன். அவனுக்கா அந்தச் சொல் விளங்கவில்லை? விளங்கியதனால்தானே அதற்கு ஓர் ஏகாரத்தைச் சேர்த்து, உசிரே என்று தெருவுக்குச் சொன்னான்?

அவள் பின்னறைக் கதவின் முன் சென்று நின்றாள். கதவு மூடியிருந்தது. உள்ளே கதவருகே தேய்ந்து கிடந்த அந்த வெண்கோடுகள் அவள் நினைவுக்கு வந்தன.

"சீதாவா? நல்ல நேரத்துல வந்த. பலகை லேசா எழும்பி, கதவு மாட்டிக்கிச்சு. அந்தப் பக்கத்துலேருந்து தள்ளு."

அவள் கதவில் கையை வைத்தாள். தள்ளவில்லை.

"கன்னடத்துல உசிருன்னா என்னங்க?"



"யார் சொன்னா?"

"அன்னைக்கு இந்தக் கதவ யார் சாத்தினது?"

"இப்ப எதுக்கு அது? தள்ளுன்னு சொல்றேன்ல!"

டக்.

கதவுக்கு அப்பால், மிக அருகில், தரைக்குக் கீழே.

உத்தமனின் குரல் இறங்கிவிட்டது. "வீட்லேருந்து வேலை. வெளிநாட்டுக்காரங்க மீட்டிங். அவ இருமிக்கிட்டே இருந்தா சீதா, எல்லாருக்கும் கேட்டுச்சு. வெளிய தாழ்ப்பாள் போட்டேன். பத்து நிமிஷம்தான்னு நெனச்சேன்."

"அவ மருந்து?"

"ஹால்ல இருந்துச்சு. ஃபிரிட்ஜ் மேல."

"கதவத் தட்டலியா? கூப்பிடலியா?"

"ஹெட்ஃபோன் மாட்டியிருந்தேன்."

டக்.

"கேட்டதுக்கு அப்புறம்தான் மாட்டினேன்" என்றான் அவன்.

சீதாலட்சுமி கீழே பார்த்தாள். கதவடி இடுக்கில் கடைசிப் பலகையின் விளிம்பு தெரிந்தது. அது மெல்ல மேலெழுந்தது. தாழ்ந்தது.

மேலெழுந்தது.

தாழ்ந்தது.

தரை முழுவதும் ஒரு மார்புபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"சீதா… காத்து வரல."

"ஜன்னல் தெறந்துதானே இருக்கு?"

"தெறந்துதான் இருக்கு. வரல."

அவன் கதவைத் தட்டத் தொடங்கினான். அவள் அப்போதுதான் தள்ளினாள். தோள்கொடுத்து, காலை ஊன்றி, தன் வலிமை முழுவதையும் கூட்டித் தள்ளினாள். கதவு ஒரு மயிரிழையும் அசையவில்லை. அவள் தெருவுக்கு ஓடினாள்.

கேத்தரினின் கணவர் ரெமிஜியஸ் கடப்பாரையுடன் வந்தார். நெம்பினார். வியர்த்துக் கொட்டிற்று. "பலகையில மாட்டினது இல்லம்மா இது. உள்ள யாரோ காலு குடுத்துட்டு உக்காந்திருக்காங்க" என்றார், மூச்சிரைக்க. உள்ளிருந்து வந்த தட்டல்கள் மெலிந்து, இடைவெளி நீண்டு, நின்றன.

அவை நின்ற மறுகணமே கதவு தானாகத் திறந்துகொண்டது.

அறையில் வெயில் பரவியிருந்தது. இரு சன்னல்களும் அகலத் திறந்திருந்தன. மின்விசிறி சுழன்றது, திரைச்சீலை படபடத்தது. தரை, நீர்மட்டம் பார்த்துப் போட்டதுபோல் சமமாக இருந்தது. ஒரு பலகையும் எழும்பியிருக்கவில்லை.

உத்தமன் சுவரோரம் குப்புறக் கிடந்தான். தானே வைத்த வெண்பசையை நகங்களால் ஒரு முழ நீளத்திற்குப் பெயர்த்தெடுத்திருந்தான். அந்த மெல்லிய இடுக்கில் வாய் பொருத்தி, கன்னங்கள் உள்ளொடுங்க, எதையோ உறிஞ்சுகிற நிலையிலேயே அவன் முகம் நீலம்பாரித்திருந்தது.

ரெமிஜியஸ் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். மருத்துவர் இதய நிறுத்தம் என்று எழுதினார்.

"கடைசியா ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாராம்மா?" என்று கேத்தரின் அழுதவாறு கேட்டாள்.

"மூச்சு கேட்டார்" என்றாள் சீதாலட்சுமி. கேட்டதை மட்டும் சொன்னாள், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலை, பலகைகளைப் பிரித்தெடுக்கக் கோவிந்தனை வரச்சொன்னாள். அவளுக்கு வேறு வீடு இல்லை. இந்த அறையைத் திறந்த வெளியாக, காற்றோட்டமாக வைத்துவிட்டால் இனி ஒன்றும் நேராது என்று அவள் நம்பினாள். கோவிந்தன் வரிசை வரிசையாகக் கழற்றி அடுக்கினார். நுரை விரிப்பைச் சுருட்டினார். எஞ்சியது நெகிழித் தாள் மட்டுமே. அதன் அடியில் சிவப்புத் தரை தெளிவாகத் தெரிந்தது.

"கதவாண்ட ஈரம் கோத்திருக்கும்மா" என்று சொல்லித் துணியால் துடைத்தார். அது போகவில்லை. ஈரம் தாளின் அடிப்பக்கத்தில் இருந்தது.

உள்ளங்கை அகலத்தில் வெண்மையானதொரு பனிப்படலம். கண்ணாடியருகே வாய் வைத்து ஊதினால் படிவது போன்றது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அது மறைந்தது. சற்றுப் பொறுத்து மீண்டும் படிந்தது. நிதானமாக, சீராக, ஆழ்ந்து உறங்குபவர் மூச்சைப்போல் வந்து வந்து போயிற்று.

கோவிந்தன் துணியை நழுவவிட்டுப் பின்வாங்கினார். சீதாலட்சுமி பின்வாங்கவில்லை. அவள் உத்தமன் கிடந்த சுவரோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே, தாளின் அடியில், இன்னொரு படலம் இருந்தது. மிகச் சிறியது. அது வேகவேகமாக, பாதி படிவதற்குள் அழிந்து, அழிவதற்குள் மீண்டும் படிந்து, ஒருமுறைகூட நிறைவு பெறாமல் துடித்துக்கொண்டே இருந்தது.