பீங்கான் பெட்டிக்குள் நாற்பத்தோரு கடிதம்

விருத்தாசலம். காலை ஒன்பது பத்து. ஸ்டேஷனில் போன் அலறியது!

எஸ்.ஐ. மகேஸ்வரி எடுத்தாள்.

"மேடம்... ஒடனே வாங்க. சுக்குநூறா கெடக்குது. பாக்கவே முடியல."

"யாரு கெடக்குறது?"

"பொட்டி மேடம். புகார்ப் பொட்டி."

பேசியவர் ரத்தினவேல். தனியார் பள்ளி ஒன்றின் கரஸ்பாண்டென்ட். அந்தப் பள்ளியின் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கும் அவரே தலைவர். வேறு ஆள் கிடைக்கவில்லை போலும்!

மகேஸ்வரியும் ஏட்டு நல்லமுத்துவும் போய்ச் சேர்ந்தபோது, வராந்தாவில் பீங்கான் துண்டுகள் சிதறிக் கிடந்தன. சுற்றிலும் சாக்பீஸ் கோடு... கொலை நடந்த இடம் கெட்டது!

பெட்டியின் ஜாதகம் இதுதான். போன குழந்தைகள் தினத்தன்று வைத்தது. யாராவது துன்புறுத்தினால் பிள்ளைகள் எழுதிப் போட வேண்டும். ஊரின் பீங்கான் தொழிற்பேட்டையான செராமிக் எஸ்டேட்டில் ஸ்பெஷலாக ஆர்டர் கொடுத்துச் சுட்டது. மேலே ஒரு வாய். கதவு கிடையாது, பூட்டு கிடையாது. உண்டியல் மாதிரி உடைத்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். விழாவில் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

அப்புறம்? நன்கொடை கொடுத்தவர் பேர் பொறித்த பெட்டியை எப்படி உடைப்பது என்று ஒரு வருடமாக யாரும் தொடவில்லை. பிள்ளைகள் மட்டும் பாவம், நம்பி எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"உள்ள இருந்த கடுதாசிங்க எங்க சார்?"

"திருடிட்டா மேடம். எட்டாவது படிக்கிற தமிழினி. கேமராவுல இருக்குது. பையெல்லாம் பாத்தாச்சு, எங்க ஒளிச்சான்னு வாயே தொறக்க மாட்டேங்குறா. நீங்க கண்டுபுடிச்சு, பிரிக்காம எங்கிட்ட குடுத்துடுங்க. அவளுக்கு இன்னிக்கே டி.சி. குடுத்துடறேன்."

தமிழினி ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா இல்லை. அம்மா பீங்கான் யூனிட்டில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிறாள். டி.சி. கொடுத்துவிட்டால் நாளை முதல் இவளும் கைப்பிடி ஒட்ட வேண்டியதுதான். பதிமூன்று வயசு... வயிறு எரிகிறது!

மகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீதான் ஒடச்சியா கண்ணு?"

"ஆமாம் மேடம். எழுதிப் போட்டு ஒரு வருஷமாவுது. யாரும் வந்து கேக்கல. அதான்..."

"எப்படி ஒடச்ச?"

"சுட்ட கப்புல விரிசல் இருக்குதான்னு எங்கம்மா தட்டிப் பாப்பாங்க. அந்த மாதிரி தட்டினேன். கொஞ்சம் வேகமா தட்டிட்டேன்."

"கடுதாசிங்க?"

"அவங்கவங்க எழுதினத அவங்கவங்ககிட்டயே குடுத்துட்டேன். சாருகிட்ட சொல்லிடாதீங்க மேடம்."

அவளது சுண்டுவிரல் வீங்கியிருந்தது.

"இது என்னம்மா?"

"காலையில சாரு கேட்டாரு... கடுதாசி எங்கன்னு."

மகேஸ்வரி எழுந்தாள். ஓரமாகப் போய்க் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போட்டாள். ஏட்டின் காதிலும் ஏதோ சொன்னாள். பிறகு ஆபீசுக்குள் நுழைந்தாள், முகத்தில் ஏகப்பட்ட பணிவோடு.

"ஒரு சிக்கல் சார். பசங்க கிறுக்கின பேப்பருக்கு எஃப்.ஐ.ஆர். போட்டா மேலிடத்துல சிரிப்பாங்க. அது எவ்வளவு முக்கியம்னு ஒங்க கைப்பட எழுதிக் குடுங்க."

ரத்தினவேல் மேடை கண்ட மனிதர். பேனா பறந்தது. எழுதி முடித்து உரக்கப் படித்தும் காட்டினார்.

"'அவை எம் மாணவச் செல்வங்கள் தாமே எழுதிய உண்மைக் கடிதங்கள். இரவு பகலாகக் கேமராக் கண்காணிப்பில் இருந்தவை. போலியாக எதையும் சேர்க்க வழியே இல்லை.' போதுமா மேடம்?"

"அருமை சார். கையெழுத்துப் போட்டு ஒரு சீல் குத்திடுங்க."

குத்தினார்.

மகேஸ்வரி கண் காட்டினாள். நல்லமுத்து வகுப்புகளுக்குள் போனார். போய் என்ன சொன்னாரோ... பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு காகிதம்! மொத்தம் நாற்பத்தொன்று.

நல்லமுத்து படித்தார்.

"'ஸ்டோர் ரூம்ல வெச்சுப் பூட்டுறாரு. இருட்டா இருக்குது.' இது அஞ்சாவது. 'பெல்ட்டால அடிக்கிறாரு. வூட்ல சொன்னா ஃபெயிலாக்கிடுவாராம்.' இது ஏழாவது..."

ஏட்டு அந்தக் காகிதத்தை மெல்ல மடித்தார். அவருக்கும் ஏழாவதில் ஒரு மகள் இருந்தாள்.

"யாருண்ணே அந்த ஆளு?"

"நாப்பத்தொண்ணுலயும் ஒரே பேருதாம்மா." ஏட்டு நிமிர்ந்து ரத்தினவேலைப் பார்த்தார்.

ரத்தினவேல் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"பொய் மேடம். அந்தப் பொண்ணே எழுதி ஆளுக்கொண்ணு குடுத்திருக்கா. எல்லாம் போலி."

"போலியா சேக்க வழியே இல்லன்னு இப்பதான எழுதினீங்க? சீல்கூட இன்னும் காயல சார்."

"நான் குழந்தைகள் பாதுகாப்புக் குழுத் தலைவரு..."

"தெரியும் சார். நல்லமுத்தண்ணே, தலைவரப் பாதுகாப்பா ஜீப்புல ஏத்துங்க."

1098 ஆட்கள் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். தமிழினியின் அம்மா பீங்கான் மண் படிந்த கையோடு ஓடி வந்தாள், மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக. கிளம்பும்போது தமிழினி திரும்பி வந்தாள். அவளுக்கு இன்னும் அந்தப் பயம் போகவில்லை.

"மேடம், சாரு எனக்கு டி.சி.யில கையெழுத்துப் போட்டுடுவாரா?"

"அவருக்கு எங்க கண்ணு நேரம்? ஜாமீன் கெடைச்சாலும் இனிமே தெனம் காலையில எங்க ஸ்டேஷன்லதான் கையெழுத்துப் போடணும்!"