இரண்டாவது பிரேக்

எழுபது வரைக்கும் வண்டி சொன்னபடி கேட்டது. அதற்கு மேல் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் என்ஜினின் இரைச்சல்தான் ஏறியது, வேகம் ஏறவில்லை. முள் எண்பதை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கணம் நடுங்கி நின்று, யாரோ பொறுமையாகத் தணித்ததைப் போல மெல்லக் கீழே இறங்கியது.

அது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வண்டி. அவள் அங்கே பயிற்சி தருபவள். நாள் முழுக்க ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பதறுகிறவர்களுக்காகத் தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதிப்பதுதான் அவள் வேலை. இன்று வகுப்பின் நடுவே போன் வந்தது. கற்றுக்கொண்டிருந்தவரை வழியிலேயே இறக்கிவிட்டு, அவர் இடத்தில் தான் உட்கார்ந்து கிளம்பிவிட்டாள். அவளுடைய இருக்கை காலியாகக் கிடந்தது.

மறுபடி போன். தம்பி மனைவி.

"எங்க வந்துட்டிருக்கீங்க அண்ணி?"

"பாதி தாண்டிட்டேன்மா. வண்டி இழுக்க மாட்டேங்குது."

"இருட்டறதுக்குள்ள மறுபடி ஆபரேஷனுக்குக் கொண்டு போகணுமாம். நீங்க வந்து ரத்தம் குடுத்தாத்தான் வயித்தைத் திறப்பேன்னு டாக்டர் சொல்றார். உங்க தம்பி முதல் ஆபரேஷனுக்கே வர மாட்டேன்னு காலை உதறினார், இப்பக் கண்ணே முழிக்கல அண்ணி."

"வந்துட்டேன்னு அவன் காதுல சொல்லு."

தம்பியின் ரத்தம் லேசில் கிடைக்காத வகை. குடும்பத்தில் அவளுக்கு மட்டுமே அதே ரத்தம்.

சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை தெரிந்ததும் வண்டியைத் திருப்பினாள். மெக்கானிக் கையைத் துடைத்தபடி வந்து, கூரைமேல் இருந்த பயிற்சிப் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"பிக்கப் இல்லையாக்கா? பாவம், அது பொறந்ததுலருந்து நாப்பதைத் தாண்டியிருக்காது. இன்னிக்கு ஓடுன்னா ஓடுமா?"

அவள் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள். அவர் உடனே பானட்டைத் திறந்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார், சுத்தமாக இருந்தது. பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். புகைக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்து, என்ஜினை முறுக்கச் சொன்னார். மூச்சு சரியாகத்தான் வந்தது. பிறகு குனிந்து சக்கரத்தின் நடுவில் விரலை வைத்தவர், சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கும் அந்த வாடை உறைத்தது: தேய்ந்து கருகும் பிரேக்கின் காரநெடி. இவ்வளவு தூரமும் கூடவே வந்திருந்த நெடி.

"பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்திருக்கீங்க."

"நான் மிதிக்கல."

"அப்ப பக்கத்துல உக்காந்து வந்தது யாரு?"

"யாருமில்ல."

ஊரார் தப்பையெல்லாம் திருத்துகிறவளுக்கு, தினமும் தன் கால் இருக்கும் இடத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்துப் பிரேக் எங்கேனும் சிக்கியிருக்கும் என்றார் மெக்கானிக். ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மழைக்கு முன்பான மங்கல் வெளிச்சம் சாலையில் பரவியிருந்தது. அறுபது. எழுபது. அதுவரை பெட்ரோல் பம்ப்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தினார். அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கி, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து இருக்கையின் மேல் குந்தியிருந்தார். வேகம் குறைந்துகொண்டிருந்தது.

"திருப்புங்கக்கா," என்றார்.

கொட்டகைக்கு வந்ததும் வெளியே நின்றபடியே கையை மட்டும் உள்ளே நீட்டி, இரண்டு பிரேக்குகளையும் இணைத்திருந்த கம்பியைக் கழற்றித் தூர எறிந்தார்.

"இனி அதை மிதிச்சாலும் பிடிக்காது. போங்க. எங்கயும் நிக்காதீங்க."

"என்ன பாத்தீங்கண்ணே?"

"பாக்கல. கால்ல பட்டுது." அவர் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பயப்பட அவளுக்கு நேரமில்லை. செருப்பை உதறிவிட்டு வெறுங்காலால் அழுத்தினாள். எழுபது, எண்பது, தொண்ணூறு. மரங்கள் பின்னால் ஓடின. முதல் துளிகள் கண்ணாடியில் விழுந்தன. பக்கத்தில், கழற்றிவிட்ட பிரேக் தொப்பென்று தரைவரை இறங்கியது. எழுந்தது. மறுபடி இறங்கியது. வேகம் குறையவில்லை. அவள் பார்வையைச் சாலையிலேயே வைத்திருந்தாள். தொப். தொப். தொப். மிதிக்கிற கால் அவசரப்பட்டது. பயந்தது. அவளிடம் படிக்க வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் மிதிப்பார்கள்.

பிறகு சத்தம் நின்றது.

மேட்டில் ஏறியதும் ஊரின் விளக்குகள் தெரிந்தன. நடுவே உயரமாக, எல்லா மாடியிலும் வெளிச்சத்தோடு, மருத்துவமனை. அவள் வாய்விட்டு அழுதாள்.

மருந்து வாடை.

ஈரப் பஞ்சின் வாடை. பக்கத்திலிருந்து. கீழேயிருந்து.

குளிர்ந்த ஏதோ அவள் கணுக்காலை உரசிக்கொண்டு வந்தது. தடவிப் பார்த்தது. தேடியது. அவள் காலருகே இருந்த பிரேக்கைக் கண்டுபிடித்தது.

வண்டி முனகியது. எண்பது. அறுபது. அவள் ஆக்ஸிலேட்டரில் எழுந்தே நின்றாள். நாற்பது. என்ஜின் இருமியது. இருபது. அணைந்தது.

மழைச் சத்தம் மட்டும்.

கதவைத் திறந்தாள். ஓடிவிடலாம். விளக்குகள் அதோ இருந்தன. ஒரு காலை வெளியே வைத்தாள். மற்றது வரவில்லை.

குனிந்து பார்த்தாள்.

அவள் பாதத்தின் மேல் இன்னொரு பாதம். பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளம், அவளுக்கு இருப்பதைப் போலவே. அம்மா பெற்ற இரண்டு பேருக்கும் அப்படித்தான். ஆனால் இதில் துளி ரத்தமில்லை. நகங்கள் வரை வெள்ளை. கணுக்காலில் மருத்துவமனைத் துணியின் ஓரம். அதற்கு மேல் இருட்டு.

"தம்பி," என்றாள். "காலை எடுடா. உனக்காகத்தான்டா."

பாதம் அசையவில்லை.

இரு கையாலும் தன் தொடையைப் பற்றி இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். வெளுத்த விரல்கள் மெல்ல மடங்கி, அவள் விரல்களின் இடுக்கில் ஒவ்வொன்றாக இறங்கின. பின் பிடித்துக்கொண்டன.

அவள் பாதம் விரல் நுனியிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. மேலிருந்த பாதத்தில், நகங்களுக்கு அடியில், மெல்லச் சிவப்பு ஏறியது.