புலிக்கு முதல் உருண்டை

எறும்புகள் புலியைச் சுற்றிக்கொண்டு போயின.

சிந்திய பருப்புச்சோற்றைத் தேடிச் சுவரோரமாக வந்த வரிசை, பொம்மைப் புலியின் காலருகே வந்ததும் ஒரு விரல்கடை தள்ளி வளைந்து, தாண்டிய பிறகு மறுபடியும் நேரானது. தங்கச்செல்வி சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து அதையே பார்த்தாள். அடுத்த வீட்டு விசைத்தறிகளின் சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அருப்புக்கோட்டைக்கு வாழ வந்த நாளிலிருந்து பகல் முழுக்க அந்தச் சத்தம்தான்.

மதுரைக்குச் சேலை லோடு ஏற்றிப் போன புருஷன் செல்லப்பாண்டி வாங்கி வந்த பொம்மைகள் அவை. புலி, சிறுத்தை, கரடி, கழுதைப்புலி. "நெசமாட்டமே இருக்குல்ல?" என்று அவன் கேட்டபோது அவளால் சிரிக்க முடியவில்லை. பல்லின் அடியில் மஞ்சள் படிந்திருந்தது. நாக்கு ஈரம்போல் மின்னியது. நான்கும் வாயைப் பிளந்தபடியே நின்றன.

மூன்று வயது மகள் கிருஷ்ணப்ரியா சோற்றைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்வாள். "புலிக்கு ஒரு வா, பாப்பாவுக்கு ஒரு வா" என்று ஊட்டத் தொடங்கிய பிறகுதான் வாய் திறந்தது. முதல் உருண்டையைத் தங்கச்செல்வி புலியின் பல்லில் தொட்டுவிட்டுக் காக்காய்க்குப் போடுவாள். வேலை மும்முரத்தில் ஒருநாள் உருண்டையைப் புலியின் முன்னாலேயே வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தால் காணவில்லை. பூனையாக இருக்கும். மறுநாளும் அங்கேயே வைத்தாள்.

அதன்பிறகு தட்டு தவறாமல் காலியானது. பிள்ளைதான் இளைத்தாள். அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் நழுவியது.

"ஏன்டி, புள்ளைக்குப் போடுறியா, புலிக்குப் போடுறியா? அதுதான் பெருத்துக் கெடக்கு!" என்று தறிக்காரர் வீட்டுச் சங்கரம்மாள் சிரித்தாள். தங்கச்செல்வி புலியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கனத்தது. அதை வெளியே எறிய நினைத்தாள். புலி இல்லாமல் பிள்ளை ஒரு பருக்கை தொடமாட்டாள். திரும்ப வைத்துவிட்டாள்.

இன்று பிள்ளை வாயிலிருந்த சோற்றைத் துப்பியது.

"நீ திங்கலேன்னா உன்னையப் புலிக்குக் குடுத்துருவேன், பாத்துக்க."

எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். ஆனால் அவள் கையிலிருந்த உருண்டை அப்போது புலியின் பல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கரண்டு போயிற்று. தறிகள் ஒவ்வொன்றாக இழுத்து நின்றன. அடுக்களையில் குழாய் சொட்டுவது கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

மெல்லும் சத்தம்.

பக்கத்தில்தான். நிதானமாக.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓட வேண்டும். தெரிந்தது. எழவில்லை. கண்ணைத் தட்டிலேயே வைத்திருந்தாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

போன் அடித்தது. கை தானாக எடுத்தது.

"பாப்பா தின்னுச்சா?" செல்லப்பாண்டி.

"ம். ஆச்சு."

வைத்துவிட்டாள். சத்தம் நின்றிருந்தது. மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

எறும்புகள் பிள்ளையின் பாதம் வரை வந்தன. பாதமெல்லாம் பருப்புச்சோறு. ஒரு விரல்கடை தள்ளி வளைந்தன.

சுவரோரம் நான்கு மிருகங்களும் வாயை மூடியிருந்தன.

பிள்ளையின் வாய் பிளந்திருந்தது. நாக்கு மின்னியது.

"பாப்பாவுக்கு ஒரு வா" என்று அவள் உருண்டையை நீட்டினாள். விரலில் பட்ட பல், பிளாஸ்டிக்.