ஏழாவது வரிசைப் பைன்கள்

“அந்த மிஷின நிறுத்துங்க... நிறுத்துங்கன்னு சொல்றேன்ல?”

தூறலில் ஓடி வந்தாள் யில்வா. மரம் அறுத்துக்கொண்டிருந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். சாம்பல் நிறக் கண்கள், இமையில் மழைத்துளி... அழகான கண்கள்தான். அந்த நேரத்தில் அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஏழாவது வரிசை முழுக்க மண்ணில் கிடந்தது. சுவீடனின் ஐந்து ஊர்களிலிருந்து பைன் விதை கொண்டுவந்து, இந்த வடக்கு மண்ணில் ஒரு வரிசைக்கு ஒரே ஊர் விதையாக நட்ட பன்னிரண்டு வருட ஆராய்ச்சி, இப்போது அவள் பொறுப்பில். எந்த ஊர் விதை எந்தக் குளிருக்குப் பழகியது என்று பார்ப்பதற்காக. இவனோ சாதாரணக் காட்டில் செய்வதுபோல நெட்டையை விட்டுவிட்டுக் குட்டையைச் சாய்த்திருக்கிறான். அந்தக் குட்டைகள்தான் வடகோடி விதை.

“இதெல்லாம் நீங்கதான் வெட்டினீங்களா?”

உதட்டைக் குவித்து, சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தான். “ஷுப்.”

“பலகையில நம்பர் இருந்ததே, பாத்தீங்களா?”

“ஷுப்.”

“பண்ணது தப்புன்னாவது தெரியுதா?”

“ஷுப்.”

என்ன திமிர்... தென்கோடி ஸ்கோனேயில் பிறந்து வளர்ந்தவளை இப்படி ஒருவரும் உதாசீனம் செய்ததில்லை. நேரே காபிக் குடிசைக்குப் போய்ப் புகார் எழுத உட்கார்ந்தாள்.

மேலாளர் குன்வோர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “அடிப் பொண்ணே, எங்க பக்கம் அதுக்கு ‘ஆமா’ன்னு அர்த்தம். பாவம் யோவார், மூணு தரம் குத்தத்த ஒத்துக்கிட்டிருக்கான்.”

“ஒத்துக்கிட்டா மரம் முளைச்சிருமா?”

கோபம் குறையவில்லை. ஆனால் பேனா நகரவில்லை.

திரும்பிப் போனபோது யோவார் சேற்றில் மண்டியிட்டு, சாய்ந்த ஒவ்வொரு மரத்திலும் அதன் எண்ணைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“குட்டையெல்லாம் குளிருக்குத் தயாரா ஆகஸ்ட்லயே வளர்றத நிறுத்தி மொட்ட மூடிருச்சு,” என்றான். “நெட்டைங்க பனி வர்றது தெரியாம இன்னும் துளிர் விட்டுக்கிட்டு நிக்குது. அதக் கவனிச்சப்பதான் இது வேற வேற ஊர் விதைன்னு எனக்கு உறைச்சது. கிடக்கிற மரத்தையும் அளக்கலாம்... நானும் கூட நிக்கறேன்.”

பத்து நாள் அளந்தார்கள்.

“நூத்தியெண்பது சென்டி.”

“நூத்தியெண்பத்தொண்ணு. உன் கண்ணு எங்க இருக்கு?”

எங்கே இருந்தது என்று இருவருக்குமே தெரியும்.

பதினோராம் நாள் காலையில் உறைபனி. தெற்கு விதையின் துளிரெல்லாம் கருகிப்போயிருந்தது.

“நானும் தெக்கத்தி விதைதான்,” என்றாள் யில்வா. “இங்க தாங்காது. நேத்தே மாத்தல் கேட்டு எழுதிட்டேன்... வெள்ளிக்கிழம கிளம்பறேன்.”

“அது மரத்துக்கு. மனுஷங்களுக்கு ஸ்வெட்டர் இருக்கு,” என்றான் யோவார். “போகாத யில்வா. எனக்கு உன்ன ரொம்பப் பிடிச்சிருக்கு.”

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது... கோபமும் கண்ணீரும்.

“பத்து நாள் பக்கத்துலயே நின்னியே, அப்ப சொல்றதுக்கு என்ன? நான் எழுதிப்போட்டப்புறம்தான் சொல்லுவியா? இப்ப தலைமை ஆபீஸுக்கு போன் போட்டு மாத்தல் வேணாம்னு கெஞ்சணும். அங்க இருக்கற ஆளு ஏன்னு கேப்பான்.”

“என்ன சொல்லப்போற?”

“உன்னப் பிடிச்சுத் தொலைச்சிருச்சுன்னு சொல்றேன்... போதுமா?”