பெரிய லைட்டுக்கு ஒரு சுவிட்ச்

வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் அப்பாவுக்கு அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

"பாத்ரூம் லைட்டை அணைச்சோமா?"

அம்மா ஒரு பெருமூச்சு விட்டார். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவர் என்பதால், ஆள் நடமாட்டமே இல்லாத அந்தத் தெருவிலும் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, அதற்குப் பிறகுதான் வண்டியைத் திருப்பினார்.

அப்பா எலக்ட்ரீஷியன். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பாத்ரூம் லைட் அணைந்துதான் இருந்தது. அதை அணைப்பதற்காகவே அப்பாவோடு இறங்கிப்போன தம்பி மட்டும் ஏமாந்துபோனான். அந்த வீட்டில் விளக்கை அணைப்பது அவன் வேலை.

"ஒரு தடவை பார்த்துட்டா நிம்மதி," என்று சொல்லிக்கொண்டே அப்பா மறுபடியும் ஏறினார்.

"இப்படியே போனா ஏரிக்கு அடுத்த வருஷம் போய்ச் சேரலாம்," என்றாள் அக்கா.

வீட்டில் எல்லாருக்கும் அவள் அக்காதான். தம்பி பிறந்ததிலிருந்து அம்மாவும் அப்பாவும்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தம்பிக்கு இரண்டரை வயது. நடப்பதைவிட உருளுவது அதிகம் என்பதால் அவன் பட்டாணி.

அக்காவின் மடியில் ஒரு புது ஸ்லீப்பிங் பேக் இருந்தது. கடையில் கட்டிய விலை அட்டைகூட இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. போன தடவையும் இதைத் தூக்கிக்கொண்டு ஆசையாகத்தான் போனாள். ஆனால் பொழுது சாய்ந்ததும் பட்டாணி அழ ஆரம்பித்துவிட்டான். எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்கு அக்கா கட்டிலில் படுத்தபடி, ஜன்னலில் தெரிந்த ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவையும் அழுதா?" என்று கேட்டாள்.

அம்மா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "அழுதா திரும்பிட வேண்டியதுதான் அக்கா. பக்கத்து டென்ட்ல இருக்கவங்களும் தூங்கணும் இல்லையா?"

பட்டாணி அக்காவின் விரலைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். பார்த்தால் அழத் தெரிந்த பிள்ளையாகவே தெரியவில்லை.

ஏரிக்கரையில் நேரம் மெதுவாக நடந்தது. தண்ணீர் கரைக்கு வந்து, எதையோ மறந்துவிட்டது போல் திரும்பிப் போனது. மரங்கள் புல்லில் நிழலை விரித்து வைத்திருந்தன. பட்டாணி ஒரு நிழலிலிருந்து இன்னொரு நிழலுக்கு உருண்டான். அக்கா மல்லாந்து படுத்து, மேகங்கள் ஒன்றோடொன்று சேர்வதைப் பார்த்தாள். கண் மூடினாளா திறந்திருந்தாளா என்று அவளுக்கே தெரியாது.

அப்பா கூடாரம் போட்டார். கயிறுகளை எல்லாம் வயர் இழுப்பது போலவே இழுத்து, கம்பிகளைத் தட்டி, இரண்டு தடவை சரிபார்த்தார். பிறகு ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். வெயில் மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பானது.

அப்போதுதான் பட்டாணி எதையோ தேட ஆரம்பித்தான்.

மரத்தைத் தடவினான். கூடாரத்தின் கம்பியைத் தடவினான். வண்டிக் கதவைக் கீழிருந்து எட்டிய வரைக்கும் தடவினான். பிறகு புல்லில் உட்கார்ந்து அழுதான்.

அம்மா பால் கொடுத்தார். தள்ளிவிட்டான். அப்பா முதுகில் உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். அழுகை அப்பாவின் காதுக்கு இன்னும் பக்கத்தில் வந்ததுதான் மிச்சம்.

பக்கத்துக் கூடாரத்தின் ஜிப் இறங்கியது. கண்ணாடி போட்ட ஒரு முகம் எட்டிப் பார்த்தது. உடனே உள்ளே போய்விட்டது. அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது.

"சரி, கிளம்பிடலாம். இருட்டினா கூடாரத்தைப் பிரிக்கறது கஷ்டம்," என்று பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அக்கா ஸ்லீப்பிங் பேக்கை மார்போடு அணைத்துக்கொண்டாள். இவனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது உடனே அவளுக்கே பிடிக்கவில்லை. பட்டாணி மூக்கு ஒழுக, தேம்பித் தேம்பி, உண்மையாகவே கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தான்.

அவள் அவன் பக்கத்தில் போய்ப் புல்லில் உட்கார்ந்தாள்.

"என்னடா வேணும்?"

"லைட்டு," என்றான் பட்டாணி.

அக்கா டார்ச்சைக் கொடுத்தாள். அவன் அதைப் போட்டான், அணைத்தான், தூர எறிந்தான். "இது இல்ல. அது."

அவன் விரல் போன வழியிலேயே அக்கா பார்த்தாள். ஏரிக்கு அந்தப் பக்கம், மலைக்கு மேலே, வட்டமாக, சிவப்பாகச் சூரியன் இருந்தது.

"பட்டாணி ஆஃப் பண்ணணும்," என்றான் அவன். உதடு மறுபடியும் பிதுங்கியது.

அக்காவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. வீட்டில் தினமும் தூங்கப்போகும்போது அப்பா அவனைத் தூக்கிப் பிடிப்பார். கதவோரம் இருக்கும் சுவிட்சை அவன் கட்டைவிரலால் அழுத்துவான். டிக். பெரிய லைட் அணையும். மூலையில் சின்ன நீல விளக்கு மட்டும் எரியும். ஃபேனுக்கும் கதவுக்கும் செருப்புக்கும் குட் நைட் சொல்லிவிட்டு அவன் தூங்கிவிடுவான். ஒரு நாள் மறதியில் அம்மாவே லைட்டை அணைத்துவிட்டார். அவ்வளவுதான், வீடு ரெண்டுபட்டது. மறுபடியும் லைட்டைப் போட்டு, அவன் கையால் அணைத்த பிறகுதான் அடங்கினான்.

இங்கே இவ்வளவு பெரிய லைட் எரிகிறது. சுவிட்சைக் காணோம்.

வண்டிப் பக்கம் நின்ற அப்பாவிடம் அக்கா ஓடினாள். "அப்பா, உங்க டூல் பாக்ஸ்ல ஒரு சுவிட்ச் இருக்குமா?"

"இருக்கு. எதுக்கு?"

"அந்த மரத்துல மாட்டணும்."

"மரத்துலயா? கனெக்‌ஷன் எங்கேர்ந்து எடுக்கறது?"

"கனெக்‌ஷன் வேணாம். டிக்னு சத்தம் வந்தாப் போதும்."

அப்பாவுக்கு முகம் சுருங்கியது. "கனெக்‌ஷன் இல்லாம ஒரு சுவிட்ச்கூட நான் இதுவரைக்கும் மாட்டினதில்லம்மா."

"அப்பா, சூரியன் போயிட்டே இருக்கு," என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்தது. அப்பா டூல் பாக்ஸைத் திறந்தார்.

ஒரு வெள்ளைச் சுவிட்சை எடுத்து, மரத்தைச் சுற்றிக் கறுப்பு டேப் போட்டு ஒட்டப் போனார். கை பழக்கத்தில் வழக்கமான உயரத்துக்குப் போனது.

"அவன் உயரத்துக்கு வைங்கப்பா," என்றாள் அக்கா.

பட்டாணி அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு கீழே ஒரு சுவிட்சை அவன் பார்த்ததே இல்லை. யாரும் தூக்காமல், தானே நடந்து போய், கட்டைவிரலை வைத்தான்.

டிக்.

எல்லாரும் மலையைப் பார்த்தார்கள். சூரியன் அப்படியே இருந்தது.

பட்டாணி சுவிட்சைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அப்பா எலக்ட்ரீஷியன் என்ற முறையில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பெரிய லைட்டுடா," என்றாள் அக்கா. அவனை இழுத்து மடியில் உட்கார வைத்தாள். "மெதுவாத்தான் அணையும். நாம குட் நைட் சொல்லிட்டே இருக்கணும். முதல்ல யாருக்கு?"

பட்டாணி யோசித்தான். "மரம்."

"குட் நைட் மரம்."

சூரியனின் அடி மலையில் பட்டது. கரையில் கிடந்த படகுக்குக் குட் நைட் சொன்னார்கள். வண்டிக்குச் சொன்னார்கள். கண்ணாடி போட்ட முகம் இருந்த கூடாரத்துக்கும் சொன்னார்கள். உள்ளேயிருந்து, "குட் நைட் கண்ணு," என்று ஒரு குரல் வந்தது. சூரியன் பாதியானது. தண்ணீருக்குச் சொன்னபோது கீற்று மட்டும்தான் மிச்சம் இருந்தது. தண்ணீரின் நிறம் சிவப்பிலிருந்து ஊதாவுக்குப் போனது. புல் நிறமே இல்லாமல் போனது. எல்லாரும் தங்களையும் அறியாமல் மெதுவாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

பிறகு சூரியன் இல்லை.

"ஆஃப்," என்றான் பட்டாணி, திருப்தியாக.

தலைக்கு மேலே ஒரு நட்சத்திரம் வந்தது. கொஞ்ச நேரத்தில் நிறைய வந்தன. அவன் அண்ணாந்து பார்த்தான். "சின்ன லைட்டு," என்றான். அப்படியே அக்காவின் தோளில் சாய்ந்தான். அம்மா எட்டிப் பார்ப்பதற்குள் தூங்கியிருந்தான்.

அம்மா சுருட்டிய பாயை மறுபடியும் விரித்தார்.

அக்கா ஸ்லீப்பிங் பேக்கிலிருந்த விலை அட்டையைப் பிய்த்துப் போட்டாள். உள்ளே நுழைந்து, தலையை மட்டும் கூடாரத்துக்கு வெளியே நீட்டிப் படுத்துக்கொண்டாள். அவ்வளவு நட்சத்திரமும் அவளுக்காகவே காத்திருந்தது போல் இருந்தது. எண்ணலாம் என்று தொடங்கினாள். எங்கே விட்டாள் என்பது நினைவில்லை.

டிக்.

அந்தச் சத்தத்தில்தான் விழித்தாள். எங்கும் வெளிறிய நீலம். ஏரியின் மேல் பனி படுத்திருந்தது. மரத்தடியில் பட்டாணி கையை மடியில் வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்துப் பொறுமையாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அம்மா டீ டம்ளரோடு உட்கார்ந்து, சத்தம் போடாதே என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

அக்கா தவழ்ந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆன் பண்ணேன்," என்றான் அவன் ரகசியமாக. "மெதுவாத்தான் வரும்."

அவள் சொன்னதை அவளுக்கே சொல்லிக்கொடுத்தான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. மெதுவாக அவன் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பினாள். கூடாரத்துக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே, வெளிச்சம் எட்டிப் பார்த்தது.

பட்டாணி வாயைப் பிளந்தான். "அங்க!"

தலை கலைந்து வெளியே வந்த அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். "ராத்திரியோட ராத்திரியா யாரோ வயரிங்கை மாத்திட்டாங்க போல," என்றார். "ஆனா கனெக்‌ஷன் நல்லாத்தான் இருக்கு."

சாப்பிட்டு, தண்ணீரில் கால் நனைத்து, மூட்டை கட்டி முடிக்கும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. அப்பா டேப்பைப் பிரித்துச் சுவிட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வண்டி கிளம்பியது. முதல் வளைவு வருவதற்குள் அப்பா பழக்கதோஷத்தில் கேட்டார்.

"எல்லா லைட்டையும் அணைச்சாச்சா?"

"இல்ல," என்றான் பட்டாணி. அவன் பின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தான். "பெரிய லைட்டு எரியுது."

அம்மாவின் கை இண்டிகேட்டருக்குப் போனது. "என்ன, திருப்பணுமா?"

அப்பா திரும்பிப் பார்த்தார். ஏரி முழுக்க வெளிச்சமாக இருந்தது. கரையில் யாரோ ஒருவர் புதிதாகக் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"வேணாம்," என்றார் அப்பா. "எரியட்டும்."