நிலாவில் விடியும் வேகம்

பட்டாணியின் கண்கள் இரண்டிலும் கட்டுப் போட்டு ஒன்பது நாள் ஆகிவிட்டது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். நாளைக் காலையில் கட்டைப் பிரிக்க வேண்டும்.

ஆறு வயதுப் பட்டாணிக்கு அதுதான் பயம்.

"பிரிச்ச பிறகும் இருட்டாவே இருந்தா?" என்று அக்காவிடம் கேட்டான்.

அக்காவுக்குப் பதினொரு வயது. எப்போது பார்த்தாலும் காகிதத்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருப்பதால் எல்லோரும் அவளைச் சுண்டெலி என்பார்கள். அவர்களுடைய அம்மா நூலகத்தில் புத்தகம் பைண்டு செய்கிறவள்.

இந்த ஒன்பது நாளும் சுண்டெலிதான் தம்பிக்குக் கதை வாசித்தாள். அம்மா நூலகத்திலிருந்து கொண்டுவந்த தடிப் புத்தகம் அது. எழுபது வருடத்துக்கு முன்னால் வந்த மாதப் பத்திரிகைகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதில் நிலாவுக்குப் போன ஒரு பையனைப் பற்றிய தொடர்கதை இருந்தது. எழுதியவர் 'கடிகாரக்காரர்' என்று மட்டும் போட்டிருந்தது. கீழே ஒரு குட்டிக் குறிப்பு: 'இவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். சாப்பாட்டு இடைவேளையில் கதை எழுதுகிறார்.'

கதையில் பையனுடைய விண்கலம் பழுதாகி, விளக்கும் அணைந்துவிடுகிறது. நிலாவில் ஒரு ராத்திரி என்பது இங்கே பதினான்கு நாள். அந்த இருட்டில் அவன் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

அந்தக் கதை வந்தபோது மனிதர் யாரும் நிலாவில் கால் வைத்திருக்கவில்லை. ஆனாலும் அங்கே பகலிலும் வானம் கறுப்பாகவே இருக்கும், பக்கத்தில் பாறை உருண்டால்கூடச் சத்தம் கேட்காது என்றெல்லாம் கடிகாரக்காரர் எழுதியிருந்தார். சுண்டெலி தன் அறிவியல் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அவளுக்குப் புல்லரித்தது. கடிகாரத்துக்குள் குனிந்துகொண்டிருந்த ஒரு மனிதர், போகாத ஊரை எப்படி இவ்வளவு தெளிவாகப் பார்த்தார்?

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவள் குரல் நின்றுவிட்டது.

"என்னாச்சு? வாசிக்கா."

'முடிவு: பின்னட்டையின் உள்பக்கம்' என்று அச்சாகியிருந்தது. ஆனால் அந்தப் பத்திரிகையின் பின்னட்டையைக் காணோம்.

சுண்டெலி சமாளிக்கப் பார்த்தாள். "திடீர்னு ஒரு பெரிய வெளிச்சம் வந்துச்சாம். எல்லாரும் வந்து அவனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம்."

"இது நீ விட்ட கதை," என்றான் பட்டாணி. "கடிகாரக்காரர் 'திடீர்னு'ன்னு சொல்லவே மாட்டாரு. அவன் வெளிச்சத்தப் பாத்தானா இல்லையா? அது தெரியாம நான் கட்டப் பிரிக்க விடமாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். அவன் பிடிவாதம் வீட்டுக்கே தெரிந்தது.

தம்பியை அப்பாவிடம் விட்டுவிட்டு, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சுண்டெலி நூலகத்துக்கு ஓடினாள். பைண்டிங் அறையில் அம்மா விரல்களில் பசையோடு உட்கார்ந்திருந்தாள்.

"தொகுத்துத் தைக்கும்போது பத்திரிகை அட்டையையெல்லாம் கிழிச்சு எடுத்துடுவோம்மா. அதுதான் பழக்கம்," என்றாள் அம்மா. "அதுல கதை இருக்கும்னு யாருக்குத் தெரியும்? பாவம், பழைய பைண்டர் கவனிச்சிருக்க மாட்டாரு."

"கிழிச்ச அட்டையைத் தூக்கிப் போட்டுடுவீங்களா?"

"காகிதத்தையா? நாங்களா? மூணா மடிச்சு, வேற ஏதாவது தடிப் புத்தகத்தோட முதுகுக்குள்ள, அதான் தையல் பக்கம், அங்க வச்சு ஒட்டிடுவோம். முதுகு பலமா நிக்கும்."

சுண்டெலியின் கண்கள் விரிந்தன. அப்படியானால் முடிவு தொலைந்துபோகவில்லை. இந்தக் கட்டடத்தில் ஏதோ ஒரு புத்தகத்தின் முதுகுக்குள் இத்தனை வருடமாக ஒளிந்திருக்கிறது.

"எந்தப் புத்தகம்மா?"

"நல்லா கேட்ட போ. பத்தாயிரம் இருக்கு."

சுண்டெலி கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பினாள். பைண்டர் ஒட்டிய கெட்டி அட்டையின் உள்மூலையில் பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு தேதி இருந்தது. பைண்டு செய்த நாளை அப்படிக் குறித்துவைப்பது அந்த அறையின் வழக்கம்.

"அன்னைக்குக் கிழிச்ச அட்டையை அன்னைக்கே ஒட்டியிருப்பாங்கல்ல? இதே தேதி போட்ட தடிப் புத்தகத்தை மட்டும் தேடினா போதும்."

அம்மா வேலையை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள். "இது எனக்குத் தோணவே இல்லையே," என்றாள்.

சுண்டெலி அலமாரி அலமாரியாக ஏறி இறங்கினாள். மூக்கு நிறையத் தூசி. மூன்று மணிக்கு, மூலையில் இருந்த, வருடாவருடம் பெய்த மழையின் அளவைக் குறித்த மழைக் கணக்குப் புத்தகங்களில் ஐந்தாவதில் அதே தேதியைக் கண்டாள். புத்தகத்தை அகல விரித்து, முதுகின் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே வண்ணக் காகிதம் ஒன்று தெரிந்தது.

முதுகைப் பிரிக்கலாமா என்று அம்மா நூலகரிடம் கேட்டாள். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மழைக் கணக்கை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. ஆனா நாளைக்கே யாராவது கேட்டா நான் குடுக்கணும். இன்னைக்கே திரும்பக் கட்டி வச்சிடுவீங்கன்னா பிரிங்க."

அம்மா ஈரத்துணியை வைத்துப் பசையை இளக்கினாள். மடிப்பை மெல்லப் பிரித்தாள். எழுபது வருடம் யார் கண்ணிலும் படாத எழுத்துகள் புதிதுபோல இருந்தன. மூன்று பேரும் மூச்சு விடாமல் குனிந்து வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் சுண்டெலி அதைத் தம்பிக்கு வாசித்தாள்.

'நிலாவில் விடியல் அவசரப்படாது. சைக்கிள் போகும் வேகத்தில்தான் வெளிச்சம் தரையில் வரும். முதலில் தூரத்து மலை உச்சி மட்டும் பளிச்சென்று தெரியும். அடிவாரம் அப்போதும் இருட்டாகவே இருக்கும். உச்சி தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பையன் உச்சியைப் பார்த்தான். எழுந்து நின்று, வெளிச்சம் தன் காலடிக்கு வரும்வரை காத்திருந்தான்.'

பட்டாணி கையை நீட்டி அந்த அட்டையைத் தடவிப் பார்த்தான்.

"இது அவரேதான்," என்றான்.

மறுநாள் காலையில் டாக்டர் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். சின்ன விளக்கு ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, குனிந்து கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். சுண்டெலி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டாணி மெதுவாகக் கண்ணைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"ஏதாவது தெரியுதா கண்ணா?" என்று கேட்டார் டாக்டர். அவருடைய மொட்டைத் தலையில் விளக்கு வெளிச்சம் பளபளத்தது.

பட்டாணியின் முகம் மலர்ந்தது.

"அக்கா," என்றான். "மலை உச்சி தெரியுது. மத்ததெல்லாம் வந்துட்டிருக்கு."