இறங்காத எண்

குமிழை இடப்பக்கம் திருப்பினால் வெளிச்சம் குறைய வேண்டும். குறையவில்லை.

அவள் இன்னொரு சுற்று திருப்பினாள். லேசருக்கு மின்சாரம் ஊட்டும் பெட்டியில் இருந்த முள், சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கிப் பூஜ்ஜியத்தில் படுத்துக்கொண்டது. மேசையின் மறுகோடியில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக நின்ற வெளிச்ச மீட்டரோ, பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று மூன்றிலேயே நின்றது. லேசருக்குத் தீனியே போகவில்லை. அப்புறம் எங்கிருந்து வருகிறது வெளிச்சம்?

வெளியே பட்டப்பகல். ஆனால் இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர், திரை, மேசை விரிப்பு எல்லாமே கறுப்பு. பெட்டியின் விசிறி கிர்ரென்று ஓடியபடி, சூடான தூசியும் ஈயமும் கலந்த வாடையை அவள் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தது. இந்த லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. படுகிற இடத்தில் ஆரஞ்சாகப் பளிச்சிடும் அட்டை ஒன்றை நீட்டித்தான் அது எங்கே போகிறதென்று பார்க்க வேண்டும்.

சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. "இன்னும் மூணுதான் காட்டுதும்மா."

சூப்பர்வைசர். கதவுக்கு வெளியே ஒரு திரையில் அதே எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எழுதிக்குங்க சார். கரண்ட் பூஜ்ஜியம், வெளிச்சம் மூணு."

"மீட்டர் பழசு. போதும், வெளிய வந்துடு. சாயங்காலம் லேசரையும் பெட்டியையும் கழிச்சுக் கட்டப் போறாங்க, உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"அதுக்குள்ள உண்மை தெரியணும் சார். தெரியாம வர மாட்டேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே மேசையில்தான் அவளுடைய அக்கா வேலை பார்த்தாள். ஒரு நாள் இந்த அறையிலிருந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தவள், இன்றுவரை திறக்கவில்லை. டாக்டர்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறாள், பயந்திருக்கிறாள், இப்போது நடிக்கிறாள் என்று முடிவு கட்டியது கம்பெனி. அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டவர் இதே சூப்பர்வைசர். "கண்ணாடி போட்டுத்தான் இருந்தேன். எண்ணு இறங்கல" என்று அக்கா சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. இவை இன்று கழிவுக்குப் போய்விட்டால் அக்கா சாகும்வரை பொய்க்காரிதான்.

வீட்டில் அக்கா கண்மேல் கறுப்புத் துணி கட்டியிருப்பாள். தூங்கும்போதுகூட அவிழ்க்க மாட்டாள். ஒரு தடவை இவள் முடிச்சில் கை வைத்தபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்டி. நீ எதிர்ல நிக்கிற." அப்போது இவளுக்கு அது பைத்தியக்காரப் பேச்சாகத் தெரிந்தது. கோபத்தில் இரண்டு நாள் அக்காவோடு பேசவே இல்லை.

பளபளக்கும் எதிலாவது பட்டு வெளிச்சம் திரும்புகிறதோ? உள்ளே வரும்போதே மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மேசையின் திருகாணித் தலைகளில்கூடக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தாள். இருந்தும் மூன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கு.

கையிலிருந்த குட்டி ஸ்க்ரூடிரைவர் நழுவித் தரையில் உருண்டது.

லேசர் அறையில் குனிவதற்கு ஒரு முறை உண்டு. ஒளி போகும் உயரத்துக்குத் தலை வரும்போது கண்ணை மூடிக்கொண்டு முதுகைக் காட்டி இறங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அக்கா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. தூக்கத்தில் எழுப்பிக் குனியச் சொன்னாலும் அப்படித்தான் குனிவாள். ஆனால் முள் பூஜ்ஜியத்தில் இருக்கிறதே, ஒளியே கிடையாதே, யாருக்குப் பயப்பட வேண்டும்? அவள் கண்ணைத் திறந்தபடியே குனிந்தாள். வீம்புக்குத்தான்.

லேசரின் சின்ன லென்ஸ் அவள் கண்ணுக்கு நேராக வந்தது.

உள்ளே ஒன்றுமில்லை. வெறும் இருட்டு. ஆனால் அந்த இருட்டு அவளைக் கண்டுகொண்டது போலிருந்தது. யாரோ முகத்துக்குப் பக்கத்தில் மூச்சு விட்டால் படுகிற அந்த வெதுவெதுப்பு, அவள் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியைத் தாண்டி இரண்டு கண்ணிலும் பட்டது. உள்ளே போனது. நின்றுவிட்டது.

சட்டென்று நிமிர்ந்தாள். 'பயப்படாதே' என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டாள்.

"இறங்கிடுச்சும்மா! பூஜ்ஜியம். நான்தான் சொன்னேன்ல?"

அவள் மீட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அட, மறுபடி ஏழு."

பெட்டியின் சாவியை அணைத்தாள். விசிறி முனகி நின்றது. பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தாள். இப்போது பேட்டரியில் ஓடும் மீட்டர் ஒன்றுதான் அந்த மேசையில் உயிரோடிருந்தது. கம்பியோடு அதைக் கையில் எடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"பூஜ்ஜியம்."

லேசரின் பக்கம் திருப்பினாள்.

"பூஜ்ஜியம்."

தன் பக்கம் திருப்பினாள்.

"ஒன்பது. பதினொண்ணு. என்னம்மா பண்ற அங்க?"

மீட்டரை அவள் கீழே வைக்கவில்லை.

"இப்ப பூஜ்ஜியம்... இல்ல, திரும்ப வந்துடுச்சு. ஒரு நொடி விழுந்து எழுந்த மாதிரி."

அந்த நொடியில் அவள் என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. இமைத்தாள்.

மறுபடி இமைத்தாள்.

"விழுந்துச்சு. எழுந்துச்சு."

கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"பூஜ்ஜியம். அப்படியே நிக்குது."

திறந்தாள்.

"பத்தொன்பது."

ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் எத்தனை பேர் எத்தனை மாதம் அக்காவை நோகடித்தார்கள்! இப்போது கையும் களவுமாக அகப்பட்டதை விடுவதா?

"சார், பிளக்கைப் பிடுங்கிட்டேன். உள்ள வாங்க."

"எதுக்கு? அதான் பிளக்கையே பிடுங்கிட்டியே..."

"வந்து பாருங்க சார். எங்க அக்கா நடிக்கிறான்னு எழுதத் தெரிஞ்சதுல்ல? வாங்க."

கதவு திறந்தது. அவர் கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். தரையில் கிடந்த பிளக்கைக் கண்டதும், எதுக்கு இனிமேல் என்று பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். மேசையிலிருந்த அட்டையை எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார்.

"சரி, எங்க ஒழுகுதுன்னு பார்த்திடலாம்."

அட்டையில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் விழுந்தன. பக்கத்தில் பக்கத்தில்.

அவர் லேசரைப் பார்த்தார். அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் அட்டையின் இடது ஓரத்தைப் பார்த்தாள். புள்ளிகள் இடது ஓரத்துக்குப் போயின. வலது ஓரத்தைப் பார்த்தாள். வலப்பக்கம் வந்தன.

"இப்ப நம்புறீங்களா சார்?"

அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். அவள் முகத்தைப் பார்த்ததும் அலறி, அட்டையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். "கண்ணை மூடும்மா! ஐயோ, மூடு!"

வேண்டாம்டி. நீ எதிர்ல நிக்கிற.

அக்கா எதைக் கட்டி வைத்திருக்கிறாள் என்பது அப்போது புரிந்தது. அக்கா ஜெயித்துவிட்டாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. போதும். இந்த மனுஷன் பார்த்துவிட்டார், அது போதும். கண்ணை மூடிவிடலாம் என்று நினைத்தாள்.

இமைகள் இறங்கவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு மூடப் பார்த்தாள். இறங்கவில்லை. தலையைத் திருப்பினாள். கழுத்து திரும்பியது. கண்கள் திரும்பவில்லை. கையிலிருந்த மீட்டரைப் போட்டுவிட்டு உள்ளங்கைகளால் முகத்தைப் பொத்தப் போனாள். பாதி வழியில் கைகள் நின்றன.

அட்டையில், அவருடைய கண்கள் இருக்கும் உயரத்தில், இரண்டு புள்ளிகளும் அசையாமல் நின்றன. ஆரஞ்சு வெளுத்து வெள்ளையானது. பிறகு நடுவில் கருகி, மெல்லிய புகை இரண்டு இழையாக எழுந்தது.